நிலவறையில் கம்பியில்லா இணையம்

இலங்கைத் தீவின் மிக உயர்ந்த மலையாகிய பிதுருதலாகல 2,524 மீற்றர் உயரமுடையது. 1982ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ரூபவாஹினித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றபோது, அதன் தலைமை ஒளிபரப்பி அம்மலையுச்சியிலேயே நிறுவப்பட்டது. அம்மலைக்குக் கிழக்கே, நுவரெலியாவிலிருந்து இராகலை செல்லும் வீதியில் அமைந்த சிற்றூர் கந்தப்பளை. நாடெங்கும் அலை பரப்பும் மலைக்கு இத்துணை அண்மையில் வாழும் மாணவன் ஒருவன் தன் அறையிலிருந்து ஓர் இணையப் பாடத்தைக் கேட்க இயலாது தவிக்கின்றான் என்றால், அது வியப்பன்றோ? அவ்வியப்பின் காரணத்தை விளக்கி, ஏற்ற பரிகாரங்களை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் கல்லூரியை விட்டு நீங்கியபின் ஆசிரியத் தொழில் நிமித்தம் மலைநாடு சென்ற யாம், கந்தப்பளையில் சில ஆண்டுகள் வாழ்ந்தோம். சமவெளியில் வளர்ந்த எமக்கு அங்குள்ள வீடுகளின் அமைப்புப் புதுமையாக இருந்தது. வீதியிலிருந்து பார்ப்போர்க்கு அவை ஒரு தட்டு வீடுகளாகவே தோன்றும். உள்ளே சென்று படியிறங்கினால் வீதி மட்டத்துக்குக் கீழே மற்றொரு வீடு இருக்கும். மலைச்சரிவை வெட்டிக் கட்டியமையால் அதன் முப்புறமும் மண். ஒரு புறம் மாத்திரம் பள்ளத்தாக்கை நோக்கித் திறந்திருக்கும். ‘கீழ்வீடு’ என வழங்கும் அந்நிலவறையில் வாடகை குறைவு. ஆதலின், வெளியூரிலிருந்து வந்து படிக்கும் மாணவரும் புதிதாகத் தொழிலேற்ற இளைஞரும் அதனையே நாடுவர். எமக்கும் வாய்த்தது அத்தகைய கீழ்வீடே.

தோட்டங்களில் உள்ள லயங்கள் சொல்லளவில் நிலவறைகள் அல்ல. ஆயினும், கோப்பிக் காலந்தொட்டுக் கட்டப்பட்டு வந்த அவ்வரிசை வீடுகளிற் பல, சரிவை வெட்டிய படிகளின்மேல் நிற்பவை. பின்சுவருக்கு அடுத்தாற்போல் மண்மேடு, தலைக்குமேல் தகரக்கூரை, பத்தடிக்குப் பன்னிரண்டடியான ஓர் அறை. மனிதன் அதனை வீடென்று கொள்ளினும், கம்பியில்லா அலை அதனை நிலவறையென்றே கொள்ளும்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனாப் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் கைத்தொலைபேசிக்குள் புகுந்தன. அப்போது யாமும் நண்பர் சிலரும் பணந்திரட்டி, சாதாரணதரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்த தோட்டத்து மாணவன் ஒருவனுக்கு ஒரு கைத்தொலைபேசி வாங்கிக் கொடுத்தோம். எம் கடமை முடிந்ததென்று மகிழ்ந்தும் இருந்தோம். ஒரு வாரத்தின்பின், வீதி வளைவிலுள்ள மதகின்மேல், பனிப்புகாரின் நடுவே, தலையைத் துவாயால் மூடிக்கொண்டு அவன் அமர்ந்திருக்கக் கண்டோம். “லயத்துக்குள்ள சிக்னல் வராது சேர், இங்கதான் கொஞ்சம் வரும்” என்றான். அவனுக்கு யாம் கொடுத்தது கருவி. அவனுக்கு வேண்டியிருந்ததோ அலை. அன்றுதான் இவ்விடயத்தைக் கற்கத் தலைப்பட்டோம்.

இஃது ஓர் ஊரின் குறை அன்று. 2021ஆம் ஆண்டில் ஊவா மாகாணத்தின் போகிட்டியாவ என்னும் கிராமத்து மாணவரும் ஆசிரியரும் இணையத் தொடர்பு பெறுவதற்காகக் காட்டுவழியே நடந்து மலைப்பாறை ஒன்றின்மேல் ஏறியமை உலகச் செய்தித்தாள்களில் எல்லாம் வெளிவந்தது.

அலை எங்கே தடைப்படுகின்றது?

கம்பியில்லா இணையம் வானொலியின் இனத்தைச் சேர்ந்ததே. இரண்டும் மின்காந்த அலைகள். இரண்டும் செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் வேகத்தில் ஒளியைப்போலச் செல்பவை. வேறுபாடு அலைநீளத்தில் உள்ளது. மத்திய அலை வானொலியின் அலைநீளம் ஏறத்தாழ 300 மீற்றர். கைத்தொலைபேசிக் கோபுரம் 900 மெகாஹேர்ட்ஸ் மீடிறனில் அனுப்பும் அலையின் நீளம் 33 சென்ரிமீற்றர். 1800 மெகாஹேர்ட்ஸில் 17 சென்ரிமீற்றர். வீட்டிலுள்ள வைஃபைக் கருவி 2.4 கிகாஹேர்ட்ஸில் அனுப்பும் அலை 12½ சென்ரிமீற்றர். 5 கிகாஹேர்ட்ஸில் 6 சென்ரிமீற்றர் மாத்திரமே.

நீண்ட அலை மேடுபள்ளங்களை வளைந்து கடக்கும். மண்ணுக்குள்ளும் ஓரளவு ஊடுருவும். குறுகிய அலையோ ஒளியின் இயல்பை நெருங்கி, நேர்வழியிற் செல்ல விரும்பும். தடை வந்தால் நிழல் விழுத்தும். கொழும்பில் 1925ஆம் ஆண்டு தொடங்கிய வானொலி ஒலிபரப்பைப் பிற்காலத்தில் லயத்து மூலையிலிருந்த பழைய வானொலிப்பெட்டியும் பாடிக்காட்டியது. அதே மூலையிற் பேரனுடைய கைத்தொலைபேசி ஊமையாகிவிடுகின்றது. பாட்டன் கேட்டது நீண்ட அலை. பேரன் வேண்டுவது குறுகிய அலை. இரகசியம் இவ்வளவே.

அங்ஙனமாயின் இணையத்தையும் நீண்ட அலையில் அனுப்பினால் என்ன என்று மாணவர் வினவலாம். அது நல்ல வினா. திருநெல்வேலி மாவட்டத்தின் விசயநாராயணத்தில் இந்தியக் கடற்படையின் கட்டபொம்மன் நிலையம் 1990ஆம் ஆண்டு முதல் இயங்குகின்றது. கடலுக்கடியில் உள்ள நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புவதே அதன் பணி. கடல்நீரையும் ஊடுருவும் அவ்வலையின் நீளம் பத்துக் கிலோமீற்றருக்கும் அதிகம். ஆயின், அத்தகைய அலை மெல்ல அதிர்வது. சில எழுத்துக்களைச் சுமக்குமேயன்றி ஓர் ஆசிரியரின் முகத்தையும் குரலையும் சுமக்கமாட்டாது. மிகுந்த செய்தியைச் சுமக்க மிகுந்த மீடிறன் வேண்டும். மீடிறன் மிகும்போது ஊடுருவும் ஆற்றல் குறையும். ஒன்றைப் பெற மற்றொன்றை இழத்தல் இயற்கையின் விதி.

இனித் தடைகளை நோக்குவோம். உலர்ந்த பலகையும் செங்கற்சுவரும் அலையைச் சிறிது குறைக்குமேயன்றி அடியோடு நிறுத்தா. ஜகதீச சந்திர போஸ் என்னும் விஞ்ஞானி 1895ஆம் ஆண்டளவில் கல்கத்தா நகர மண்டபத்தில், மிகக் குறுகிய அலைகளைச் சுவரினூடே அனுப்பி, அப்பால் இருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். ஆயின், இரும்புக் கம்பி வைத்து வார்த்த கொங்கிறீற்றுத் தட்டு கடுமையான தடை. தகரம் முதலிய உலோகத் தகடுகள் அலையைக் கண்ணாடிபோலத் தெறித்துத் திருப்பிவிடும். எல்லாவற்றிலும் கொடியது ஈரமண். நீர் இக்குறுகிய அலைகளை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. ஓரடி கனமுள்ள ஈரமண்ணின் மறுபக்கத்தில் எஞ்சும் அலை அற்பத்திலும் அற்பம். மழையும் பனியும் நீங்காத கந்தப்பளையில் மண் உலர்ந்திருக்கும் நாள்கள் எத்தனை?

எனவே, கீழ்வீட்டின் நிலை தெளிவாகின்றது. முப்புறமும் ஈரமண், மேலே கொங்கிறீற்று, அலைக்குரிய வாயில்கள் இரண்டே. ஒன்று, பள்ளத்தாக்கை நோக்கிய யன்னல். மற்றையது, மேல்வீட்டிலிருந்து இறங்கும் படிக்கட்டு. இவ்விரண்டையும் கண்டுகொண்டவன் பாதி வெற்றி பெற்றவனாவான்.

அளந்து அறிதல்

பரிகாரம் தேடுமுன் நோயை அறிதல் வேண்டும். குறை இருவகைப்படும். மேல்வீட்டில் இணையம் நன்றாக இருந்து கீழ்வீட்டிற்கு மாத்திரம் இறங்காதிருப்பது ஒன்று. கோபுரத்தின் அலை அவ்வீட்டுச் சுற்றாடலுக்கே வராதிருப்பது மற்றொன்று. முன்னையது வீட்டுக்காரர் தாமே தீர்க்கக்கூடியது. பின்னையதற்கு வெளியுதவி வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கருதிப் பணத்தை வீசுவதே பலரும் செய்யும் தவறு.

கைத்தொலைபேசியில் தோன்றும் கோடுகளை மாத்திரம் நம்புதல் ஆகாது. அலையின் வலிமையை எண்ணாற் காட்டும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவ்வெண் டெசிபெல் என்னும் அளவில், கழித்தற் குறியுடன் தோன்றும். வைஃபை அலைக்குக் கழித்தல் 50 மிக நன்று. கழித்தல் 67 வரை காணொளிப் பாடத்துக்குப் போதும். கழித்தல் 80ஐ எட்டினாற் சொல் விட்டுவிட்டுக் கேட்கும். இவ்வளவில் 10 குறைதல் என்பது வலிமை பத்திலொரு பங்காதல். 30 குறைதல் ஆயிரத்திலொரு பங்காதல். ஆகவே, 60க்கும் 90க்கும் உள்ள வேறுபாட்டைச் சிறிதென்று எண்ணற்க. அறையின் நான்கு மூலையிலும், யன்னலடியிலும், படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். அரைமணி நேரத்து வேலை. ஆயிரக்கணக்கான ரூபாயை மிச்சப்படுத்தும்.

யாம் இவ்வாறு அளவாது செய்த பிழைகள் இரண்டு. முதலில், ‘வலிமை மிக்கது’ என்ற விளம்பரத்தை நம்பி விலையுயர்ந்த ரவுட்டர் ஒன்றை வாங்கி மேல்வீட்டில் வைத்தோம். கீழே மாற்றம் ஏதும் இல்லை. வைஃபைக் கருவிகள் அனுப்பும் ஆற்றல் சட்டத்தால் வரையறுக்கப்பட்டது. பெரும்பாலும் ஒரு வாட்டின் பத்திலொரு பங்களவே. அன்றியும், உரையாடல் இருவழிப்பட்டது. ரவுட்டர் உரத்துக் கத்தினாலும், கீழேயுள்ள கைத்தொலைபேசியின் மெல்லிய மறுமொழி மேலே கேட்கவேண்டுமே!

அடுத்து, அலையை மீள அனுப்பும் ‘ரிப்பீட்டர்’ கருவி ஒன்றை வாங்கி, அலை எட்டாத எம் அறையிலேயே வைத்தோம். கிணறு வற்றியபின் துலா இருந்து என்ன பயன்? பெறுவதற்கு அலை இருந்தாலன்றோ அஃது அனுப்பும்! அதனை அலை வலிமையாக உள்ள படிக்கட்டுத் திருப்பத்தில் வைத்தபின்னரே சிறிது பயன் கண்டோம். அப்போதும் வேகம் பாதியாயிற்று. ஒரே வானலையிற் கேட்டு, அதே வானலையில் மீளச் சொல்லும் எளிய கருவிக்கு அது தவிர்க்க இயலாதது.

பரிகாரங்கள்

முதலாவது, பணமின்றிச் செய்யக்கூடியவை. மேல்வீட்டு ரவுட்டரை அலுமாரிக்குள்ளும் தொலைக்காட்சிக்குப் பின்னாலும் மறைக்காது, படிக்கட்டின் தலைப்பில் உயரமான இடத்தில் வைக்கலாம். கீழே 5 கிகாஹேர்ட்ஸை விட்டு 2.4 கிகாஹேர்ட்ஸைத் தெரிந்துகொள்ளலாம். வேகம் குறையினும் ஊடுருவல் கூடும். அயல்வீட்டுக் கருவிகள் நெருக்குமாயின், ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 என்னும் அலைவரிசைகளுள் நெருக்கம் குறைந்ததைத் தெரியலாம். கைத்தொலைபேசிக் கோபுரத்தின் அலையையே நம்பியிருப்போர் பள்ளத்தாக்கு யன்னலண்டை ஒரு கைத்தொலைபேசியை வைத்து, அதிலிருந்து வைஃபை மூலம் மற்றக் கருவிகளுக்கு இணையத்தைப் பகிரலாம். எதிர்மலையிற் கோபுரம் தெரியுமாயின் இதுவே போதியதாதலும் உண்டு.

இரண்டாவதே தலையாயது, அது கம்பி. மேல்வீட்டு ரவுட்டரிலிருந்து வலைக்கம்பி ஒன்றைப் படிக்கட்டு வழியே இறக்கி, கீழ்வீட்டில் மற்றொரு சிறிய ரவுட்டரில் இணைத்தால், அங்கே புதிய அலை பிறக்கும். அவ்வலை மண்ணையும் கொங்கிறீற்றையும் கடக்க வேண்டியதில்லை. அறையின் வெறுவெளியைக் கடந்தாற் போதும். ‘கற் 5ஈ’, ‘கற் 6’ எனக் கடைகளில் விற்கப்படும் செம்புக்கம்பி 100 மீற்றர் தூரம் வரை, செக்கனுக்கு 1 கிகாபிற்று வேகத்திற் செய்தியைச் சுமக்கும். ஒருவர் கைவிட்ட பழைய ரவுட்டரும் கீழ்வீட்டுக்குப் போதுமானது. அதனை ‘அக்செஸ் பொயின்ற்’ என்னும் நிலைக்கு மாற்றிவைத்தல் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியாவும் கந்தப்பளையும் கடந்து இராகலைக்கு ஒரு சிற்றிருப்புப்பாதை அமைக்கப்பட்டது. 1940ஆம் ஆண்டில் அது மூடப்பட்டுவிட்டது. இரண்டரை அடி அகலமுள்ள அப்பாதை மலையோடு மல்லுக்கட்டாமல், கூரிய வளைவுகளால் மலையை அனுசரித்து ஏறிற்று. யாமும் இறுதியில் அவ்வழியையே பின்பற்றினோம். மண்ணோடு போராடுவதை விட்டு, பதினைந்து மீற்றர்க் கம்பியைப் படிக்கட்டோரமாக வளைத்து இறக்கினோம். முன்னைய இரு கருவிகளும் தராததை அது தந்தது.

கம்பி இழுக்க வீட்டுக்காரர் இசையாராயின், மின்னிணைப்புக் கம்பி வழியாகவே செய்தியை அனுப்பும் இரட்டைக் கருவிகள் உள்ளன. ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் மின்செருகியிற் பொருத்தவேண்டும். இரு தட்டுக்கும் ஒரே மின்மானி இருந்தாலன்றி இதனை நம்புதற்கில்லை. கம்பிகள் பழையனவாயின் வேகமும் குன்றும்.

கோபுரத்தின் அலையே வீட்டண்டை மெலிந்திருக்குமாயின், வெளியில் வைக்கும் அன்டனாவுடன் கூடிய நான்காம் தலைமுறை ரவுட்டர் உதவும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. அன்டனாவிலிருந்து ரவுட்டருக்குச் செல்லும் கம்பி நீளநீள அலை தேயும். ஆதலின், அன்டனாவையும் ரவுட்டரையும் உயரத்தில் அருகருகே வைத்து, அங்கிருந்து வலைக்கம்பியையே நீளமாக இறக்கவேண்டும். கைத்தொலைபேசி அலையைப் பெருக்கும் ‘பூஸ்ரர்’ கருவிகளை அனுமதியின்றி வாங்கிப் பொருத்துதல் தகாது. அவை அயலார் தொடர்பைக் குலைப்பன. வானலைக் கருவிகள் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்கீழ் அடங்குவன.

கோபுரமே எட்டாத பள்ளத்தாக்குகளுக்குச் செயற்கைக்கோள் வழி இணையம் 2025ஆம் ஆண்டு யூலை மாதந்தொட்டு இலங்கையிற் கிடைக்கின்றது. அதன் தட்டு திறந்த வானத்தைப் பார்க்கவேண்டும். ஆகவே, அதுவும் கூரையில் நின்று கம்பியாலேயே கீழே இறங்கும். அதன் விலை தோட்டத் தொழிலாளர் குடும்பம் ஒன்று தனித்துத் தாங்கக்கூடியதன்று.

எச்சரிக்கை இரண்டு. மலைநாட்டில் ஏப்பிரலிலும், ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலும் இடிமின்னல் மிகும். வெளிவெளியாகச் செல்லும் செம்புக்கம்பி மின்னலின் தாக்கத்தை வீட்டுக்குள் அழைத்துவரக்கூடும். ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் இணைப்பாயின், மின்னைக் கடத்தாத ஒளியிழைக் கம்பியே பாதுகாப்பானது. இடி தொடங்குமுன் கருவிகளின் செருகிகளைக் கழற்றிவிடுதலும் நன்று. மற்றது ஈரம். கீழ்வீட்டுத் தரை வியர்க்கும். கருவிகளை நிலத்தில் வையாது, காற்றோட்டமுள்ள உயரத்தில் வைத்தல் வேண்டும்.

எமது வேண்டுகோள்

கம்பியில்லா இணையம் என்னும் பெயரே நம்மை மயக்குகின்றது. கோபுரத்திலிருந்து கோபுரத்துக்கும் கடல்கடந்தும் இணையம் பெரும்பாலும் கம்பியிலும் ஒளியிழையிலுமே பயணஞ் செய்கின்றது. கம்பியில்லாதது அதன் கடைசிச் சில அடி மாத்திரமே. அச்சில அடி மண்ணினூடே செல்லாதபடி, கம்பியை இன்னுஞ் சிறிது தூரம் நீட்டிவிடுதலே நிலவறைக்குரிய பரிகாரம். யாம் கற்றதன் சாரம் அதுவே.

மதகின்மேல் அமர்ந்திருந்த மாணவனின் லயத்துக்கு மேலே, மேட்டில், கொழுந்து நிறுக்கும் மடுவம் ஒன்று உண்டு. அங்கே நின்று அளந்தபோது அலை நன்றாக இருந்தது. தோட்ட நிருவாகத்தின் அனுமதியுடன் மடுவத்து முகட்டில் ஒரு ரவுட்டரை வைத்து, ஒளியிழைக் கம்பியை லயத்தின் ஓர் அறைவரை இறக்கினோம். பாய் விரித்த அவ்வறையில் அவனும் அயற்பிள்ளைகளும் மாலைதோறும் அமர்ந்து படித்தனர். அதற்கான செலவு, தனித்தனியே இரு கைத்தொலைபேசிகள் வாங்கும் செலவிலும் குறைவே. அவன் பரீட்சையிற் சித்தியெய்தினான். கணிதத்தில் மாத்திரம் அவன் எதிர்பார்த்த பேறு கிட்டவில்லை. வீதியோரத்திற் கழிந்த முதன் மாதங்களை எந்தக் கம்பியாலும் மீட்க இயலாதன்றோ?

விழாக் கொண்டாடும் இவ்வேளையில், நம் பழைய மாணவர் பலர் மலைநாட்டுப் பிள்ளைகளுக்குக் கணினியும் கைத்தொலைபேசியும் வழங்கும் நல்லெண்ணம் உடையவராயிருக்கின்றனர். அவர்களிடம் எமது வேண்டுகோள் ஒன்றே. கருவியை அனுப்புமுன் ஓராளை அனுப்புங்கள். அவர் அப்பிள்ளை படிக்கும் மூலையில் நின்று அலையை அளக்கட்டும்; மேட்டையும் மடுவத்தையும் வாசிகசாலையையும் சுற்றிப் பார்க்கட்டும். அதன்பின் எத்தனை மீற்றர்க் கம்பி வேண்டுமென்று எழுதட்டும். இப்போது நம் கல்லூரியிற் பௌதிகம் பயிலும் மாணவரே அவ்வேலைக்குப் போதும். அவர்கள் கற்ற கல்வி ஒரு லயத்து அறைக்குள் இறங்கிப் பயன் தருமாயின், கல்லூரித் தாய்க்கு அதனினும் சிறந்த விழாக் காணிக்கை வேறில்லை.